அடுத்த நாட்டுக்காரன் வைத்த பேர்

கேள்வி இதுதான்: ‘கிவி, யாங்கி, லைமி, கிரிங்கோ என்றெல்லாம் ஒரு நாட்டவரை இன்னொரு நாட்டவர் கூப்பிடும் பட்டப்பெயர்கள் எங்கிருந்து வந்தன? ஆங்கிலேயரை ஆஸ்திரேலியர்கள் பாமி என்பது கைதிகளின் சட்டையில் இருந்த எழுத்துகளின் சுருக்கம் என்கிறார்களே, உண்மையா? இந்தச் சொற்களைப் பேச்சிலும் எழுத்திலும் தாராளமாகப் பயன்படுத்தலாமா?’

பாமியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அந்தச் சட்டைக் கதை ரொம்ப நாளாக உலவுகிறது. ‘பிரிசனர் ஆஃப் மதர் இங்கிலாந்து’, அதாவது தாயகமான இங்கிலாந்தின் கைதி. அதன் முதலெழுத்துகளைச் சட்டையில் குத்தியிருந்தார்கள், அதுவே பேராகிவிட்டது என்பது கதை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பிரிட்டன் ஆஸ்திரேலியாவுக்குக் கைதிகளைக் கப்பலேற்றியது 1788 முதல் 1868 வரை. பாமி என்ற சொல் அச்சில் தலைகாட்டுவதோ 1912 வாக்கில். ஒரு சொல் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் எந்தப் பத்திரிகையிலும் எந்தக் கடிதத்திலும் வராமல் ஒளிந்துகொண்டிருக்க முடியாது. இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். கைதிகளாக வந்தவர்களின் பிள்ளைகள்தான் பிற்பாடு ஆஸ்திரேலியர்கள் ஆனார்கள். கைதிப் பட்டம் என்றால் அது அவர்களுடைய தாத்தாக்களுக்கல்லவா பொருந்தும்? புதிதாகக் காசு கட்டிக் கப்பலேறி வந்தவரை ஏன் அப்படிக் கூப்பிட வேண்டும்?

நடந்தது இதைவிட எளிமையானது. குடியேறி வருபவருக்கு ஆங்கிலத்தில் இமிகிரண்ட். எதுகைக்கு எதுகை சேர்த்துப் பேசும் கேலியில் அது ‘ஜிம்மி கிராண்ட்’ ஆனது. அங்கிருந்து ஒலி வழுக்கி ‘பாமகிரானட்’ ஆனது. பாமகிரானட் என்றால் மாதுளை. கப்பலிலிருந்து இறங்கிய ஆங்கிலேயரின் வெளுத்த கன்னம் ஆஸ்திரேலிய வெயிலில் மாதுளைபோலச் சிவந்ததும் கேலிக்குக் கைகொடுத்தது. மாதுளை சுருங்கி பாமி. அமெரிக்கரை அதே ஊரார் ‘செப்போ’ என்பதும் இதே வேலைதான்: யாங்க் என்பதற்கு எதுகை ‘செப்டிக் டாங்க்’, அதன் தலைப்பகுதி செப்போ. அமெரிக்கர்கள் அதை ரசிப்பதில்லை, அதில் வியப்பும் இல்லை.

இதிலிருந்து ஒரு பாடம் எடுத்துக்கொள்ளலாம். ஒரு பழைய வசைச்சொல்லுக்கு ‘இது இன்ன வாக்கியத்தின் முதலெழுத்துகள்’ என்று யாராவது விளக்கம் சொன்னால், முதலில் சந்தேகப்படுங்கள். முதலெழுத்துகளைச் சேர்த்து ஒரு சொல்லாகவே உச்சரிக்கும் வழக்கம் ஆங்கிலத்தில் பரவியது இரண்டு உலகப் போர்களை ஒட்டித்தான். அதற்கு முன் அது அபூர்வம். அமெரிக்காவில் இத்தாலியரைத் திட்டப் பயன்பட்ட ‘வாப்’ என்ற சொல்லை ‘வித்தவுட் பேப்பர்ஸ்’, அதாவது ஆவணமில்லாதவர் என்று விரிப்பார்கள். குடியேறுபவர்கள் தத்தம் நாட்டிலேயே விசா வாங்கிக்கொண்டு வரவேண்டும் என்ற முறை அமெரிக்காவில் நிலைபெற்றது 1924ஆம் ஆண்டுச் சட்டத்தோடு. அந்தச் சொல் அதற்கு முன்பே புழக்கத்தில் இருந்தது. உண்மையில் அது நேப்பிள்ஸ் பக்கத்துப் பேச்சில் மைனர்த்தனமாகத் திரியும் சண்டியரைக் குறிக்கும் ‘குவாப்போ’. இத்தாலியர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொண்ட சொல்லைப் பிடித்து அவர்கள் மேலேயே எறிந்தார்கள்.

மெக்சிகோ போன்ற நாடுகளில் அமெரிக்கரைக் கூப்பிடும் கிரிங்கோவுக்கும் இப்படி ஒரு கதை உண்டு. 1846 முதல் 1848 வரை நடந்த மெக்சிகோ–அமெரிக்கப் போரில், பச்சைச் சீருடை போட்ட அமெரிக்கச் சிப்பாய்களைப் பார்த்து மெக்சிகோ மக்கள் ‘கிரீன், கோ’, பச்சைக்காரனே போ, என்று கத்தினார்களாம். அந்தப் போரில் அமெரிக்கப் படை உடுத்தியது நீலம். அதைவிடப் பெரிய இடி ஒன்று இருக்கிறது. எஸ்தேபன் டி தெரேரோஸ் என்ற ஸ்பானிய ஏசு சபைத் துறவி தொகுத்த அகராதி 1786இலிருந்து அச்சாகத் தொடங்கியது. அதில் கிரிங்கோ என்ற சொல் இருக்கிறது. மலாகா ஊரில், ஸ்பானிய மொழி நாக்கில் சரளமாக வராதபடி ஒருவித உச்சரிப்போடு பேசும் அயல்நாட்டாரை இப்படிச் சொல்வார்கள், மாட்ரிடில் குறிப்பாக அயர்லாந்துக்காரர்களைச் சொல்வார்கள் என்று அவர் எழுதியிருக்கிறார். போருக்கு ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் முந்தைய பதிவு. கிரேக்கரைக் குறிக்கும் ‘கிரியேகோ’ என்ற சொல்தான் உருமாறி கிரிங்கோ ஆனது. புரியாத பேச்செல்லாம் ஸ்பானியர்களுக்குக் கிரேக்கம். அர்ஜென்டினாவுக்குப் போனால் இதே கிரிங்கோ இத்தாலியரைக் குறித்திருக்கிறது. எந்த நாட்டவர் என்பது இந்தச் சொல்லில் நிலையாக இல்லை. நம் மொழி அவர் வாயில் சரியாக வரவில்லை என்பது மட்டும்தான் நிலை.

அயலாருக்குப் பெயர் வைப்பதில் மிகப் பழைய வழி இதுதான் என்று நினைக்கிறேன். முகத்தைப் பார்ப்பதற்கு முன் காது வேலை செய்திருக்கிறது. கிரேக்கம் பேசாதவர்களின் பேச்சு கிரேக்கர் காதில் ‘பர்பர்’ என்று விழுந்தது, அதனால் அவர்கள் பார்பரோஸ். தென்னாப்பிரிக்காவின் கொய்கொய் மக்களின் நாக்குச் சொடுக்கொலிகளைக் கேட்டுத்தான் டச்சுக்காரர்கள் அவர்களுக்கு ‘ஹாட்டென்டாட்’ என்று பெயர் வைத்தார்கள் என்பது பலர் சொல்லும் விளக்கம், இன்று அது கேவலமான வசவு. ஸ்லாவிய மொழிகளில் ஜெர்மானியருக்குப் பெயர் ‘நெமெட்ஸ்’, ‘நியெமியெட்ஸ்’ என்று வரும். வேர்ப்பொருள் ஊமை. நம் மொழி பேசாதவன் பேசாதவன்தானே என்ற கணக்கு. அந்தச் சொல் துருக்கியர் வழியாக அரபுக்குப் போய், இன்றைக்கும் அரபு மொழியில் ஆஸ்திரியா நாட்டின் முறையான பெயர் ‘அன்நம்சா’. தூதரகப் பலகையிலும் விமானப் பயணச்சீட்டிலும் ‘ஊமைகளின் நாடு’ என்று எழுதியிருக்கிறது, எழுதியவர்களுக்கும் அது தெரியாது, படிப்பவர்களுக்கும் தெரியாது, ஒருவர் மனமும் நோவதில்லை. இதைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

நம்மவர்களும் இதைச் செய்திருக்கிறோம். முல்லைப்பாட்டில் பாசறையில் அரசனுக்குக் காவலாக இருக்கும் மிலேச்சரைப் புலவர் எப்படிச் சொல்கிறார் தெரியுமா? ‘உடம்பின் உரைக்கும் உரையா நாவின்’ மிலேச்சர். நாக்கால் பேசாமல் உடம்பால் பேசுகிறவர்கள். சைகை காட்டிப் பேசும் அயலாரை ஒரு வரியில் கண்முன் நிறுத்திவிடுகிறது. ஸ்லாவியர் ‘ஊமை’ என்று முடித்துக்கொண்ட இடத்தில் இந்த வரி அவர்களுக்கு ஒரு மொழி இருப்பதை, அது உடம்பின் மொழியாக இருந்தாலும், ஒப்புக்கொள்கிறது. அதற்காகவே எனக்கு இந்த வரி ரொம்பப் பிடிக்கும். அதே பாட்டில் வரும் யவனர் இன்னொரு வழியைக் காட்டுகிறார்கள்: முதலில் சந்தித்த ஒரு கூட்டத்தின் பெயரை அந்தத் திசையிலிருந்து வரும் எல்லாருக்கும் சூட்டிவிடுவது. அயோனியா என்ற ஒரு கரையோரத்துக் கிரேக்கர்களைப் பாரசீகர்கள் ‘யௌன’ என்றார்கள். அது வடமொழியில் யவன, தமிழில் யவனர். பிறகு மேற்கேயிருந்து யார் வந்தாலும் யவனர். அதே சொல்லின் இன்னொரு வடிவம்தான் சோனகர்.

இதே வகையில் உலகம் சுற்றிய சொல் என்றால் ‘ஃபிராங்க்’. ஐரோப்பாவின் ஒரு இனக்குழு, பிரான்ஸ் நாட்டுக்குப் பெயர் கொடுத்தவர்கள். சிலுவைப் போர்க் காலத்தில் அரபுகள் ஐரோப்பியர் எல்லாரையும் ‘இஃப்ரஞ்ச்’ என்றார்கள், பாரசீகத்தில் அது ‘ஃபரங்கி’, இந்தியில் ‘ஃபிரங்கி’, தாய்லாந்தில் ‘ஃபராங்’, எத்தியோப்பியாவில் ‘ஃபெரெஞ்ச்’, தமிழில் பறங்கி. தமிழ்நாட்டுக் கரைக்கு வந்த முதல் பறங்கியர் போர்த்துக்கீசியர். இலங்கைத் தமிழில் இன்றும் பறங்கியர் என்றால் ஐரோப்பிய வழிவந்த ஒரு சமூகத்தின் முறையான பெயர், வசவல்ல. இந்தப் பக்கத்திலோ ‘பறங்கி’ என்றால் விடுதலைப் போராட்டக் காலத்துக் கோபம் ஒட்டிக்கொண்ட சொல். ஒரே எழுத்து, ஒரே ஒலி, இடையில் ஒரு சிறு கடல்.

பறங்கிக்காய் அவர்களோடு வந்தது. பறங்கிப்புண்ணும், அதாவது சிபிலிஸ் என்ற மேகநோயும், அவர்களோடு வந்தது என்று நம் முன்னோர் நம்பினார்கள். அந்த நோய்க்கு உலகமே அடுத்த நாட்டின் பெயரைத்தான் வைத்தது. இத்தாலியர்கள் அதைப் பிரெஞ்சு நோய் என்றார்கள், பிரெஞ்சுக்காரர்கள் நேப்பிள்ஸ் நோய் என்றார்கள், ரஷ்யர்கள் போலந்து நோய் என்றார்கள், துருக்கியர்கள் கிறிஸ்தவர் நோய் என்றார்கள். சொல்லாமல் கொள்ளாமல் நழுவுவதை ஆங்கிலேயர்கள் ‘பிரெஞ்சு விடுப்பு’ என்பார்கள், பிரெஞ்சுக்காரர்கள் அதையே ‘ஆங்கிலேயர் பாணியில் நழுவுவது’ என்பார்கள். போர்னியோவில் பெரிய மூக்கும் தொந்தியும் உள்ள ஒரு குரங்குக்கு இந்தோனேசியர்கள் வைத்த பெயர் ‘மோன்யெட் பெலாண்டா’, டச்சுக் குரங்கு. முந்நூறு ஆண்டுக்கு மேல் டச்சுக்காரர்களைப் பார்த்துப் பழகியவர்கள் வைத்த பெயர் அது.

அடுத்து வயிறு. பிரெஞ்சுக்காரர் தவளைக்கால் தின்பதால் ஆங்கிலேயருக்கு அவர்கள் தவளைகள். ஆங்கிலேயர் மாட்டிறைச்சி வாட்டுவதால் பிரெஞ்சுக்காரருக்கு அவர்கள் ‘ரோஸ்பிஃப்’. ஜெர்மானியர் புளித்த முட்டைக்கோஸ் தின்பதால் ‘கிராவ்ட்’. இதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, பிரிட்டிஷாரைக் குறிக்கும் லைமி மட்டும் விதிவிலக்கு. கடலோடிகளைக் கொன்று குவித்த ஸ்கர்வி நோய்க்கு மருந்து தேடி ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் 1747இல் சாலிஸ்பரி என்ற போர்க்கப்பலில் பன்னிரண்டு நோயாளிகளை இரண்டிரண்டாகப் பிரித்து ஆறு விதமான வைத்தியம் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இருவர்தான் தேறினார்கள். பிரிட்டிஷ் கடற்படை அதை ஏற்று எல்லாக் கப்பலுக்கும் சாறு கொடுக்க 1795 ஆகிவிட்டது. முதலில் கொடுத்தது மத்தியதரைக் கடல் பக்கத்து மஞ்சள் எலுமிச்சை. 1860களில் மேற்கிந்தியத் தீவுகளில் விளைந்த பச்சை லைமுக்கு மாறினார்கள். அதில் நோயைத் தடுக்கும் சத்து குறைவு. பெயர் ஒட்டிக்கொண்டது அந்தக் குறைந்த சாற்றோடுதான். ‘லைம் ஜூஸர்’ என்று கிண்டலடித்தவர்கள் அதைச் சுருக்கி லைமி ஆக்கினார்கள். உயிர் காக்கும் மருந்தைக் குடிப்பதற்காகக் கேலி செய்யப்பட்டவர்கள் அந்தக் கப்பல்காரர்கள்.

போர்முனையில் ஆள்பெயரே நாட்டுப்பெயராகிவிடும். ஜெர்மானியர் ஃபிரிட்ஸ், ரஷ்யர் இவான், அயர்லாந்துக்காரர் பேடி, ஸ்காட்லாந்துக்காரர் ஜாக். பிரிட்டிஷ் சிப்பாய்க்கு ‘டாமி’ என்ற பெயர் அவர்களுடைய போர் அலுவலகமே கொடுத்தது. படிவத்தை எப்படி நிரப்புவது என்று காட்ட 1815இல் மாதிரிப் பெயராக ‘டாமஸ் அட்கின்ஸ்’ என்று போட்டிருந்தார்கள். எதிரிக்கு ஒரு பெயர் கொடுத்தால் அவனைச் சுடும் கைக்குக் கொஞ்சம் லேசாகிறதா, அல்லது இரவில் அந்தப் பக்கத்துப் பதுங்குகுழியிலிருந்து இருமல் கேட்கும்போது அவனும் மனிதன்தான் என்ற நினைப்பு அந்தப் பெயரால் வருகிறதா? இரண்டும் நடந்திருக்கும்.

சரி, இப்போது கிவிக்கு வருவோம். இது வேறு வகை, ஏனென்றால் பெயரைச் சுமந்தவர்களே அதை விரும்பி எடுத்துக்கொண்டார்கள். கிவி நியூசிலாந்தின் பறக்காத பறவை. 1906இல் வில்லியம் ராம்சே என்பவர் மெல்பர்னில் ஒரு காலணி பாலிஷ் தயாரித்தார். அவர் மனைவி நியூசிலாந்துக்காரர், அந்த அன்பில் டப்பாவுக்குக் கிவி என்று பெயர் வைத்தார். முதல் உலகப் போரில் சிப்பாய்களின் பூட்ஸ் எல்லாம் அந்த பாலிஷில் மின்னியது. நியூசிலாந்துப் படையின் சின்னங்களிலும் அந்தப் பறவை இருந்தது. போர் முடிவதற்குள் நியூசிலாந்துச் சிப்பாய் என்றால் கிவி. 1918 நவம்பரில் போர் ஓய்ந்த பிறகும் இங்கிலாந்தின் வில்ட்ஷயரில் முகாமிட்டிருந்தவர்களுக்கு ஊர் திரும்பக் கப்பல் வரவில்லை. பொறுமையிழந்து கலகம் செய்தார்கள். அவர்களுக்கு வேலை கொடுக்க, 1919இல் புல்ஃபர்ட் முகாமுக்கு மேலேயுள்ள மலைச்சரிவில் புல்லை வெட்டி, அடியிலிருக்கும் வெள்ளைச் சுண்ணப் பாறை தெரியும்படி ஒரு மாபெரும் கிவி செதுக்கச் சொன்னார்கள். நூற்றிருபது மீட்டருக்கு மேல் நீளமான அந்தப் பறவை இன்னும் அங்கே இருக்கிறது. யாரோ வைத்த பட்டப்பெயரைத் தங்கள் கையாலேயே மலையில் எழுதிவிட்டுப் போனார்கள். பழத்துக்கு அந்தப் பெயர் வந்தது இதற்கெல்லாம் பிறகு. சீனாவிலிருந்து போய் அங்கே விளைந்த ‘சீன நெல்லி’யை அமெரிக்காவில் விற்பதற்காக 1959இல் ‘கிவிப் பழம்’ என்று மாற்றினார்கள்.

யாங்கியும் இப்படி மாறியதுதான், ஆனால் தொடக்கம் கேலி. யான் என்ற டச்சுப் பெயரின் செல்ல வடிவம் என்பது பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். 1758இலேயே பிரிட்டிஷ் தளபதி ஜேம்ஸ் உல்ஃப் தன் கீழிருந்த நியூ இங்கிலாந்துப் படையாட்களை இளக்காரமாக யாங்கிகள் என்று எழுதியிருக்கிறார். குடியேற்றக்காரர்களைப் பட்டிக்காட்டான்கள் என்று கிண்டல் செய்து பிரிட்டிஷ் சிப்பாய்கள் பாடிய ‘யாங்கி டூடில்’ பாட்டை, 1775இல் லெக்சிங்டன், கான்கார்ட் மோதல்களுக்குப் பிறகு அமெரிக்கர்களே பறித்துக்கொண்டு பாடினார்கள். இன்று அது கனெக்டிகட் மாநிலத்தின் முறையான பாட்டு. ஆனால் சொல் எங்கிருந்து பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து சுருங்கும். வெளிநாட்டாருக்கு அமெரிக்கர் எல்லாரும் யாங்கி. அமெரிக்கத் தெற்கத்தியருக்கு வடக்கத்தியர் மட்டுமே யாங்கி, அதிலும் உள்நாட்டுப் போரின் பழைய கசப்பு ஒட்டியிருக்கும். டெக்சாஸ்காரரை யாங்கி என்று கூப்பிட்டால் அவர் முகம் மாறுவதைப் பார்க்கலாம்.

இங்கேதான் கேள்வியின் கடைசிப் பகுதி வருகிறது. எது விளையாட்டு, எது வசவு? சொல்லின் வடிவத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பிரிட்டிஷ் என்பதைச் சுருக்கினால் பிரிட், ஆஸ்திரேலியன் சுருங்கினால் ஆஸி, யாருக்கும் வலிப்பதில்லை. அதே கத்தரிக்கோலால் ஜப்பானியரை ‘ஜாப்’ என்று சுருக்கினார்கள், பாகிஸ்தானியரைப் ‘பாக்கி’ என்று சுருக்கினார்கள், இரண்டும் கடும் வசவுகள். 1942இல் அமெரிக்க அரசு தன் மேற்குக் கரையிலிருந்த ஜப்பானிய வழியினர் சுமார் 1,20,000 பேரை முகாம்களில் அடைத்தபோது, அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்களாக இருந்தும், கடைச் சுவரிலும் செய்தித்தாள் தலைப்பிலும் இருந்தது அந்த மூன்றெழுத்துச் சொல். ‘பாக்கி’யில் மிஞ்சியிருப்பது ‘பாக்’, தூய்மை என்ற பொருள் தரும் சொல். அதனால் என்ன? 1960களிலிருந்து பிரிட்டன் தெருக்களில் தெற்காசிய முகம் உள்ளவரைத் துரத்தி அடித்தவர்கள் அந்தச் சொல்லைக் கத்திக்கொண்டுதான் அடித்தார்கள். அடிபட்டவர்களில் இந்தியரும் வங்கதேசத்தவரும் இருந்தார்கள். 2002 ஜனவரியில் அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ் இந்தியா–பாகிஸ்தான் பதற்றம் பற்றிப் பேசும்போது சாதாரணச் சுருக்கம் என்று நினைத்து அந்தச் சொல்லைச் சொல்லிவிட, வெள்ளை மாளிகை விளக்கம் கொடுக்க வேண்டியதாயிற்று.

வேர் நல்லது, அதனால் சொல்லும் நல்லது என்ற வாதம் எவ்வளவு பலவீனமானது என்பதற்குத் தமிழே சாட்சி. சென்னையிலிருந்து போன டுரூரோ என்ற கப்பல் 1860 நவம்பர் 16இல் 342 ஒப்பந்தத் தொழிலாளர்களைத் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இறக்கியது. கூலி என்றால் நமக்கு உழைப்புக்குக் கிடைக்கும் ஊதியம், கௌரவமான சொல். அங்கே அது ஒரு முழு மக்களின் பெயராகி, 1893இல் வழக்கு விஷயமாகப் போன காந்தியே ‘கூலி பாரிஸ்டர்’ ஆனார். ‘கூலி’ மட்டுமில்லை, ராமசாமி, முத்துசாமி என்ற பெயர்களின் வாலைப் பிடித்து இந்தியர் எல்லாரையும் வெள்ளையர்கள் ‘சாமி’ என்று அதட்டினார்கள். காந்தி தன் சுயசரிதையில் இதை எழுதியிருக்கிறார். துணிச்சலும் சொல்திறமும் உள்ள இந்தியர் சிலர் திருப்பிச் சொல்வார்களாம்: என்னைச் சாமி என்கிறீர்களே, சாமி என்றால் எஜமான் என்று பொருள், நான் உங்கள் எஜமான் இல்லையே! அதைக் கேட்டுச் சில ஆங்கிலேயர் நெளிவார்கள், சிலர் கோபத்தில் வைவார்கள், வாய்ப்புக் கிடைத்தால் அடிக்கவும் செய்வார்கள். உலகத்திலேயே உயர்ந்த சொற்களில் ஒன்று ஒருவனைத் தாழ்த்தப் பயன்பட்டது. அதன் சரியான பொருளை எடுத்துச் சொன்னதற்கு அடி விழுந்தது.

மலேசியா, சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு இந்த இடத்தில், அங்கே இந்தியரைக் குறிக்கும் ‘கெலிங்’ என்ற சொல் நினைவுக்கு வந்திருக்கும். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கைகால் விலங்கோடு கொண்டுவரப்பட்ட இந்தியக் கைதிகள் நடக்கும்போது ‘கிளிங் கிளிங்’ என்று சத்தம் வந்ததாம், அதனால் அந்தப் பெயராம். பாமியின் சட்டைக் கதைக்கு இது தங்கை. பிரிட்டிஷார் இந்தியக் கைதிகளைப் பினாங்குக்குக் கொண்டுவந்தது பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில். தோமே பிரெஸ் என்ற போர்த்துக்கீசியர் 1512க்கும் 1515க்கும் இடையில் மலாக்காவில் இருந்து எழுதிய குறிப்புகளிலேயே அந்தத் துறைமுகத்தின் செல்வாக்கான கெலிங் வணிகர்கள் வந்துவிடுகிறார்கள். சொல்லின் வேர் கலிங்கம். கிழக்குக் கரையிலிருந்து கப்பலேறி வந்தவர்களைக் கரையின் ஒரு நாட்டுப் பெயரால் அழைத்தார்கள், யவனர், பறங்கி வந்த அதே வழி. மலாக்காவில் 1748இல் எழுந்த கம்போங் கிளிங் பள்ளிவாசல் இருக்கிறது. பினாங்கில் தென்னிந்திய முஸ்லிம்களின் தலைவரான காதர் மைதீன் 1801இல் தொடங்கிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் இருக்கிறது, அது நிற்கும் தெருவுக்கும் இன்று அதே பெயர். கப்பித்தான் கெலிங் என்பது ஒரு பதவிப் பெயர், மரியாதை.

அப்புறம் என்ன ஆயிற்று? ரப்பர்த் தோட்டங்கள் வந்தன. வணிகராகவும் கப்பித்தானாகவும் அறியப்பட்டவர்களின் பெயர், லயத்து வீடுகளில் அடைபட்டுப் பால் வெட்டியவர்கள் மேல் விழுந்தது. சொல் மாறவில்லை, அதைச் சொல்பவருக்கும் கேட்பவருக்கும் இடையே இருந்த உயரம் மாறியது. அதனால் இன்று ஒரு தமிழ்ப் பிள்ளையைப் பள்ளியில் இன்னொரு பிள்ளை ‘கெலிங்’ என்றால் அது வசவுதான். ‘கலிங்கத்திலிருந்து வந்த பழைய சொல், கோபப்பட என்ன இருக்கிறது’ என்று அகராதியைக் காட்டிச் சமாதானம் சொல்பவர்களை எனக்குக் கொஞ்சமும் பிடிப்பதில்லை. அகராதி சொல்லின் பிறப்பைச் சொல்கிறது, அந்தப் பிள்ளை சொல்லின் இன்றைய வேலையைச் சொல்கிறது. முன்பு நினைவில் வைக்கச் சொன்ன ‘அன்நம்சா’வை இங்கே எடுத்துக்கொள்ளுங்கள். வேரில் ‘ஊமை’ என்ற இழிவு இருந்தும் ஆஸ்திரியருக்கு வலிக்கவில்லை, வேரில் ஒரு நாட்டின் பெயர் மட்டுமே இருந்தும் தமிழருக்கு வலிக்கிறது. யாரை எப்படி நடத்தும்போது அந்தச் சொல் வாயில் இருந்தது என்பதே கணக்கு.

இதே அளவுகோலை மறுபக்கமும் வைத்துப் பார்க்கலாம். 2006இல் ஆஸ்திரேலியாவில் ஒரு பீர் விளம்பரத்தில் ‘பாமி’ வந்ததை எதிர்த்துப் பிரிட்டனிலிருந்து குடியேறியவர்கள் சிலர் புகார் கொடுத்தார்கள். விளம்பரத் தர வாரியம் அதைத் தள்ளுபடி செய்தது. ஹாங்காங்கில் வெள்ளையரைக் கண்டோனிய மொழியில் ‘குவைலோ’ என்பார்கள், பேய்மனிதர் என்று பொருள். 2022இல் அங்கே ஒரு நீதிமன்றம் அந்தச் சொல் எப்போதும் இழிவாகத்தான் வரும் என்று கொள்ள முடியாது என்றது. ‘பேய்’ என்று நேராகவே சொல்லும் சொல், ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டவர்கள் நெடுங்காலம் அந்த ஊரை ஆண்டவர்கள்.

பெயரைச் சுமப்பவர்களே எடுத்துக்கொண்டால் எல்லாருக்கும் அனுமதி கிடைத்துவிட்டதா? அதுவும் இல்லை. ஆஸ்திரேலியாவில் கிரேக்க, இத்தாலிய வழிவந்த பிள்ளைகளைப் பள்ளியில் ‘வாக்’ என்று திட்டினார்கள். அவர்களே வளர்ந்து 1987இல் அந்தச் சொல்லைத் தலைப்பிலேயே வைத்து ஒரு மேடை நகைச்சுவை போட, அரங்குகள் நிறைந்தன. அப்படி வளர்ந்த நண்பர் ஒருவர் தன்னைத் தானே அப்படிச் சொல்லிச் சிரிப்பார். நீங்கள் சொன்னால் சிரிப்பாரா என்பது உங்களுக்கும் அவருக்கும் உள்ள பழக்கத்தைப் பொறுத்தது. பிரிட்டனில் அதே சொல் கருநிறத்தவர் மேலும் ஆசியர் மேலும் வீசப்படும் வசவு, அங்கே யாரும் சிரிக்க மாட்டார்கள்.

ஆகவே பேச்சில் கிவி, ஆஸி, பிரிட் மூன்றையும் தயங்காமல் சொல்லலாம். பாமி, யாங்கி, லைமி, கிரிங்கோ எல்லாம் ஆளைத் தெரிந்த பிறகு. ‘ஜாப்’, ‘பாக்கி’, ‘வாப்’, ‘கெலிங்’ வேண்டவே வேண்டாம், இந்தப் பதிலில் செய்வதுபோல அந்தச் சொல்லைப் பற்றியே பேசும்போது தவிர.

எழுத்தில், அதுவும் மொழிபெயர்ப்பில், சிக்கல் வேறு. ஒரு போர்க்கால நாவலில் அமெரிக்கச் சிப்பாய் ‘ஜாப்’ என்கிறான். அதை ‘ஜப்பானியர்’ என்று மரியாதையாகத் தமிழாக்கினால் அவனைப் பொய்யாக நல்லவனாக்கிவிடுகிறோம். ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் வைத்தால் குத்து உறைக்காது, ஏதோ சுருக்கப்பெயர் என்று கடந்துவிடுவார்கள். ஆனால் தமிழில் இதற்கு வேறு இடத்தில் கருவி இருக்கிறது. நாம் வசைக்கென்று தனிச்சொல் தேடுவதே குறைவு, விகுதியிலேயே முடித்துவிடுவோம். ஜப்பானியர், ஜப்பான்காரர், ஜப்பான்காரன் என்று இறங்க இறங்க மரியாதை கழன்றுகொண்டே வருகிறது. ‘வெள்ளைக்காரன் ஆண்டான்’ என்கிறோமே, ஒரு பேரரசு முழுவதும் அந்த ஒருமையில் ஒரே ஆளாகி நிற்கிறது. அந்தச் சிப்பாய் வாயில் ‘ஜப்பான்காரப் பயல்’ என்று வைத்துவிட்டு, அடுத்த பத்தியில் கதை சொல்பவர் பேசும்போது ‘ஜப்பானியர்’ என்று எழுதினால் போதும், யார் பேசுகிறார், யார் கதை சொல்கிறார் என்று வாசகருக்குத் தானே பிரிந்துவிடும். அடிக்குறிப்பு தேவைப்படாது.